ஈரல் புற்றுநோயில் இரத்தக் குழாய்கள் சொல்லும் சேதி



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நேரம். கிருலப்பனைச் சந்தையடியில் 138ஆம் இலக்க பஸ் வந்து நின்றது. மகரகமவிலிருந்து வந்த அந்த பஸ்ஸிலிருந்து, என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் உம்மா இறங்கினார். கையில் பெரிய ஸ்கேன் உறை. முகத்தில் நித்திரையில்லாத பல இரவுகளின் களைப்பு. ஸலாம் சொன்னவர், கூட வந்த மகனைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தணிந்த குரலில் இரண்டு கேள்விகள் கேட்டார்.

“மௌலவி, இவன்ட வாப்பா ஆயுளுக்கும் ஒரு சொட்டுக் குடிச்சதில்ல. அவருக்கு ஈரல்ல கென்சர் என்டு சொல்றாங்க. சொந்தக்காரருக்குச் சொல்லவே வெக்கமா இருக்கு. இது எப்படி வந்திச்சு?”

இது முதற் கேள்வி. இரண்டாவது கேள்வியைக் கேட்கும்போது அவரது குரல் உடைந்துவிட்டது.

“மூத்தவன் எங்கயோ வாசிச்சிருக்கான். இரத்தக் குழாய வளர்க்கிற ஏதோ ஒன்டு இரத்தத்துல கூடினா நாள் குறைவாம். இந்த ரிப்போர்ட்ல அது இருக்கா? இன்னும் எத்தனை மாசம் என்டு சொல்லுங்களேன்.”

நான் மருத்துவன் அல்லன். அரபுக் கல்லூரியில் ஓதியவன். அன்று அந்தச் சகோதரிக்குத் துஆவைத் தவிர வேறு பதில் என்னிடம் இருக்கவில்லை. ஆனால் அந்த இரு கேள்விகளும் என்னை விடவில்லை. தெரிந்த டொக்டர் ஒருவரிடம் கேட்டும், அவர் தந்தவற்றைப் படித்தும் அறிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இதே கேள்விகள் நாளை வேறொரு வீட்டில் எழலாம் அல்லவா?

குடிக்காதவருக்கும் ஈரல் நோயா?

ஈரல் நோய் என்றாலே குடிகாரனின் நோய் என்று நம் சமூகத்தில் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. இந்த எண்ணத்தினால் எத்தனையோ குடும்பங்கள் நோயை மூடி மறைக்கின்றன. மறைப்பதனால் சிகிச்சையும் பிந்துகிறது.

மதுபானம் ஈரலை அழிக்கும் என்பது உண்மை. ஆனால் ஈரலைக் கெடுப்பது அது ஒன்று மட்டுமல்ல. ஹெபடைட்டிஸ் ‘பி’, ‘சி’ ஆகிய வைரஸ்கள் உலகின் பல நாடுகளில் ஈரல் புற்றுநோய்க்குப் பெரும் காரணமாக இருக்கின்றன. நமது நாட்டில் ஹெபடைட்டிஸ் ‘பி’ குறைவாகவே காணப்படுகிறது. அதற்கான தடுப்பூசியும் 2003ஆம் ஆண்டு முதல் நம் குழந்தைகளின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. அப்படியானால் இங்கே காரணம் என்ன?

களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் ராகமயில் இருக்கிறது. அங்குள்ள மருத்துவர்கள் 2007ஆம் ஆண்டில், ராகமப் பகுதியில் வசிக்கும் 35 முதல் 64 வயது வரையான ஏறத்தாழ 3,000 பேரைப் பரிசோதித்தார்கள். மதுவினால் அல்லாமல் ஈரலில் கொழுப்புப் படியும் நோய் அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருந்தது! இவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகள் அல்லர். நம்மைப் போல் வீட்டில் இருந்த சாதாரண மக்கள்.

சீனி வருத்தம், வயிற்றைச் சுற்றிய பருமன், இரத்தத்தில் கூடிய கொழுப்பு ஆகியவையே இந்நோயின் கூட்டாளிகள். ஈரலில் படிந்த கொழுப்பு எல்லோருக்கும் ஆபத்தாக முடிவதில்லை. சிலருக்கு மட்டும் அது ஈரலைப் புண்ணாக்கி, பல வருடங்களில் தழும்பாக்கி இறுக வைக்கிறது. இதைத்தான் சிரோசிஸ் என்கிறார்கள். புற்றுநோய் பெரும்பாலும் இந்தத் தழும்பேறிய ஈரலிலேயே முளைக்கிறது. கொழுப்பு ஈரலில் சில வேளை சிரோசிஸ் இல்லாமலும் வருவதுண்டு.

ஆகவே, சகோதரியே, உங்கள் கணவர் குடிக்கவில்லை என்பதற்குச் சாட்சி தேடவேண்டியதில்லை. சீனி போட்ட பிளேன்டீயும், வேளைக்கு வேளை குவித்த வெள்ளைச் சோறும், மாலையில் ரோல்ஸும் பெட்டிஸும், நடக்காத கால்களும் போதும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கட்டிக்கும் பசியுண்டு

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். மூத்த மகன் வாசித்த அந்த “இரத்தக் குழாய் வளர்க்கும் பொருள்” எது?

நம் உடலில் எந்த உயிரணுவும் இரத்தம் இல்லாமல் வாழ முடியாது. ஒட்சிசன் இரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு தூரம்தான் ஊடுருவிச் செல்லும். அதற்கு அப்பாலுள்ள உயிரணுக்கள் பட்டினி கிடந்து மடியும். புற்றுநோய்க் கட்டியும் இந்த நியதிக்குக் கட்டுப்பட்டதே.

இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் யூதா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர். 1933இல் பிறந்த இவருடைய தந்தை ஒரு யூத மதகுரு. நோயாளிகளைப் பார்க்கத் தந்தை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சிறுவனான ஃபோக்மனும் கூடப் போவார். அந்தக் கட்டிலருகே நின்றபோதுதான் தாம் மருத்துவராக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. நோயாளியை நலம் விசாரிக்கப் போகும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லும் பழக்கம் நம் வீடுகளிலும் இருந்தது. அது குறைந்து வருவதை நினைத்து நான் வருந்துவதுண்டு.

1960களின் தொடக்கத்தில் ஃபோக்மன் ஒரு புதுமையைக் கவனித்தார். உடலுக்கு வெளியே கண்ணாடிக் கலத்தில் உயிரோடு வைத்திருந்த ஓர் உறுப்பில் புற்றுநோய் உயிரணுக்களை இட்டபோது, அவை சுமார் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு வளர்ந்து நின்றுவிட்டன. அதே கட்டியை உயிருள்ள எலிக்கு மாற்றியபோது அது மளமளவெனப் பெருத்தது. ஏன்? கலத்தில் இருந்த கட்டிக்குப் புதிய இரத்தக் குழாய் கிடைக்கவில்லை; எலியின் உடலில் கிடைத்தது. கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து, பக்கத்திலுள்ள இரத்தக் குழாய்களைத் தன் பக்கம் கிளைவிட அழைக்கிறது என்று 1971இல் அவர் எழுதினார். பலர் அதை நம்பவில்லை.

அந்தப் பொருள்களில் முதன்மையானது பின்னர் கண்டுபிடிக்கப்பட்டது. 1983இல் ஹரோல்ட் டுவோரக்கின் குழுவினர், இரத்தக் குழாய்களைக் கசிய வைக்கும் ஒரு புரதத்தைக் கட்டிகளில் கண்டார்கள். 1989இல் நெப்போலியோன் ஃபெராராவின் குழுவினர் குழாய்களை வளர்க்கும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டும் ஒன்றே என்று தெரிய வந்தது. அதன் பெயர்ச் சுருக்கம் வி.இ.ஜி.எஃப்.

இந்தப் புரதம் உடலுக்கு எதிரி அல்ல. தாயின் வயிற்றில் குழந்தை உருவாகவும், நச்சுக்கொடியில் இரத்தக் குழாய்கள் படரவும், மாதந்தோறும் கருப்பையின் உட்சுவர் புதிதாக வளரவும், வெட்டுக்காயம் ஆறவும் அது வேண்டும். வேலை முடிந்ததும் அது அடங்கிவிடும். கட்டியோ அதை அடங்க விடுவதில்லை. அல்லாஹ் உடலுக்கு அமானிதமாகத் தந்த ஒன்றைக் கட்டி திருடிப் பயன்படுத்துகிறது என்று சொன்னால் பொருந்தும்.

ஈரலுக்கு இரண்டு வாசல்கள்

எல்லாக் கட்டிகளுக்கும் இரத்தம் வேண்டும் என்றாலும், ஈரல் புற்றுநோய்க்கு அது மிக அதிகம். இதை விளங்கிக்கொள்ள ஈரலின் அமைப்பைச் சிறிது அறிய வேண்டும்.

ஈரலுக்குள் இரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, குடலிலிருந்து உணவுச் சத்துக்களைச் சுமந்துவரும் வாயினாளத்தின் வழியாக வருகிறது. எஞ்சிய ஒரு பங்கு, இதயத்திலிருந்து வரும் ஈரல் நாடியின் வழியாக வருகிறது. ஈரலில் முளைக்கும் புற்றுநோயோ வளர வளரப் புதிய குழாய்களை ஈரல் நாடியிலிருந்தே இழுத்துக்கொள்கிறது.

இந்த வித்தியாசமே மருத்துவர்களுக்கு ஒரு கண்ணாடி. மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது, முதல் சில வினாடிகளில் நாடி வழியாக மருந்து வந்து கட்டி பளிச்சென்று தெரியும். சற்று நேரத்தில் ஈரலின் மற்றப் பகுதி வெளிச்சமாக, கட்டி மங்கிவிடும். சிரோசிஸ் உள்ள ஒருவரிடம் இந்த அடையாளம் தெளிவாக இருந்தால், ஊசி குத்திச் சதை எடுக்காமலேயே நோயை உறுதிசெய்ய முடியும். கட்டிக்குப் போகும் நாடிக்கிளையில் மெல்லிய குழாயைச் செலுத்தி, அங்கேயே மருந்தை விட்டு அடைத்துவிடும் சிகிச்சையும் இந்த அமைப்பை வைத்தே செய்யப்படுகிறது.

அடையாளங்கள் சொல்வது என்ன?

நோய் எந்தப் போக்கில் போகும் என்பதை முன்கூட்டி உணர்த்தும் குறிப்புகளை அடையாளங்கள் என்போம். ஈரல் புற்றுநோயில் இரத்தக் குழாயோடு தொடர்புள்ள அடையாளங்கள் சில உள்ளன.

முதலாவது, இரத்தத்திலுள்ள வி.இ.ஜி.எஃப். அளவும், அதன் கூட்டாளியான அஞ்சியோபொயட்டின்-2 என்ற புரதத்தின் அளவும். இவை கூடியிருந்தவர்களின் ஆயுள் பொதுவாகக் குறைவாக இருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. மூத்த மகன் வாசித்தது இதைத்தான். அது பொய்யல்ல, ஆனால் முழு உண்மையும் அல்ல.

இரண்டாவது, வெட்டியெடுத்த கட்டியில் இரத்தக் குழாய்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது. இதற்குச் சி.டி. 34 என்ற புரதத்துக்குச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் எண்ணுவார்கள். இயல்பான ஈரலின் நுண்குழாய்களில் இந்தச் சாயம் பெரும்பாலும் ஏறாது. கட்டியின் குழாய்களில் ஏறும். நோயை இனங்காண இது உதவுகிறது. ஆயுளைக் கணிப்பதில் மட்டும் ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை.

மூன்றாவது, புற்றுநோய் உயிரணுக்கள் இரத்தக் குழாய்க்குள்ளேயே புகுந்துவிட்டனவா என்பது. நுண்குழாய்களில் புகுந்திருந்தால் அது பெரும்பாலும் ஒபரேஷனுக்குப் பின்னரே, நுணுக்குக்காட்டியில்தான் தெரியும். வாயினாளம் போன்ற பெரிய குழாயில் புகுந்திருந்தால் ஸ்கேனிலேயே தெரியும். மருத்துவர்கள் பெரிதும் கவனிப்பது இதைத்தான். ஏனெனில் இதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறிவிடும். 1996இல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் ஈரல் மாற்றுச் சிகிச்சைக்கு வகுத்த அளவுகோல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. ஒரே கட்டியாயின் 5 சென்ரிமீற்றருக்கு மேற்படக் கூடாது. மூன்று கட்டிகள் வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3 சென்ரிமீற்றருக்கு மேற்படக் கூடாது. பெரிய இரத்தக் குழாயில் நோய் புகுந்திருக்கக் கூடாது.

சரி, வி.இ.ஜி.எஃப். அளவை எல்லா நோயாளிகளுக்கும் ஏன் சோதிப்பதில்லை? இரத்தம் உறையும்போது அதிலுள்ள சிறுதட்டுக்கள் தம்மிடமிருக்கும் வி.இ.ஜி.எஃப்.ஐ வெளியே விடுகின்றன. ஆகவே இரத்தத்தை எப்படி எடுத்தார்கள், எப்படி வைத்தார்கள் என்பதைப் பொறுத்தே அளவு மாறிவிடும். இத்தனைக்கு மேல் கூடுதல் என்று எல்லோரும் ஏற்கும் ஓர் எல்லையும் இல்லை. அந்தச் சகோதரியின் கையிலிருந்த ரிப்போர்ட்டில் அந்தச் சோதனை இல்லாமலிருந்தது இதனால்தான். யாரும் எதையும் மறைக்கவில்லை.

அதில் இருந்தது ஏ.எஃப்.பி. என்ற வேறொரு சோதனை. கருவிலிருக்கும் குழந்தையின் ஈரல் சுரக்கும் ஒரு புரதம் இது. பிறந்த பின் குறைந்துவிடும். ஈரலில் புற்றுநோய் வந்தால் பலரிடம் மீண்டும் கூடும், எல்லோரிடமும் கூடுவதில்லை. மிக அதிகமாக இருந்தால் நோய் வேகமானது என்று கொள்வார்கள்.

கூட்டத்தின் கணக்கு, ஒருவரின் கணக்கல்ல

இந்த இடத்தைச் சகோதரிகள் நிதானமாக வாசிக்க வேண்டும்.

சொரஃபெனிப் என்ற மாத்திரை, இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுப்பது. முற்றிய ஈரல் புற்றுநோய்க்கு முதன்முதலில் பயன் தந்த மாத்திரை இதுவே. 602 பேரிடம் இதைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை எடுத்தவர்களின் நடுமதிப்பு ஆயுள் 10.7 மாதம், வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கு 7.9 மாதம்.

நடுமதிப்பு என்றால் என்ன? வகுப்பிலுள்ள மாணவர்களை உயரப்படி வரிசையாக நிறுத்தினால், சரி நடுவில் நிற்பவனின் உயரம்தான் நடுமதிப்பு. அவனைவிட உயர்ந்தவர்கள் பாதிப்பேர், குட்டையானவர்கள் பாதிப்பேர். ஆகவே 10.7 மாதம் என்றால் எல்லோரும் பதினோராம் மாதத்தில் மௌத்தாகிவிடுவார்கள் என்பதல்ல. பாதிப்பேர் அதற்குப் பிறகும் இருந்தார்கள் என்பதே அதன் பொருள். உங்கள் கணவர் வரிசையில் எங்கே நிற்கிறார் என்பதை அந்த எண் சொல்லாது.

அதே ஆய்வில் பங்கேற்றவர்களின் இரத்தத்தைச் சோதித்து 2012இல் இன்னொரு முடிவை வெளியிட்டார்கள். வி.இ.ஜி.எஃப்.உம் அஞ்சியோபொயட்டின்-2உம் கூடியிருந்தவர்களின் ஆயுள் குறைவாகவே இருந்தது. ஆனால் அந்த மாத்திரை யாருக்குப் பயன் தரும், யாருக்குத் தராது என்பதை அந்த அளவுகளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை! நோயின் வேகத்தைச் சொல்வது வேறு. மருந்து வேலை செய்யுமா என்று சொல்வது வேறு. அளவு கூடியிருக்கிறது என்பதற்காகச் சிகிச்சையைக் கைவிடுவது தவறு என்பது இதிலிருந்து விளங்குகிறது.

பின்னர் 2019இல் வெளியான ஓர் ஆய்வில், வி.இ.ஜி.எஃப். வேலை செய்யும் வாசலை அடைக்கும் ரமுசிருமப் என்ற மருந்து, சொரஃபெனிப் எடுத்த பின்பு ஏ.எஃப்.பி. 400க்கு மேலிருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அவர்களின் நடுமதிப்பு ஆயுள் 7.3 மாதத்திலிருந்து 8.5 மாதமாகக் கூடியது. கூடிய ஏ.எஃப்.பி. கெட்ட செய்தி என்றே கருதப்பட்டது. அதுவே ஒரு மருந்தைத் தெரிவு செய்யும் வழிகாட்டியாகவும் ஆயிற்று.

இன்று வி.இ.ஜி.எஃப்.ஐப் பிடித்துக் கட்டும் பெவசிசுமப் என்ற மருந்தையும், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் அட்டிசோலிசுமப் என்ற மருந்தையும் சேர்த்து ஏற்றுகிறார்கள். 501 பேரிடம் நடத்தி 2020இல் வெளிவந்த ஆய்வும் அதன் தொடர்ச்சியும் இதன் பயனைக் காட்டின. நடுமதிப்பு ஆயுள் 19.2 மாதம், சொரஃபெனிப் எடுத்தவர்களுக்கு 13.4 மாதம். ஃபோக்மன் 2008இல் காலமானார். அவர் 1971இல் எழுதியபோது பலர் நம்பாத ஒன்று, இன்று நோயாளியின் கையில் ஏறும் மருந்தாக இருக்கிறது.

இந்த மருந்துகள் விலை கூடியவை. எல்லோருக்கும் பொருந்துபவையும் அல்ல. இரத்த அழுத்தம் கூடலாம், இரத்தம் கசியலாம், புண் ஆறத் தாமதிக்கலாம். ஆகவேதான் பெவசிசுமப் கொடுக்குமுன், உணவுக்குழாயில் வீங்கிய நாளங்கள் உள்ளனவா என்று வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். அதைக் கண்டு பயந்து நோயாளியை வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள்.

டொக்டரிடம் எதைக் கேட்பது?

“எத்தனை மாதம்?” என்ற கேள்விக்கு எந்த டொக்டராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. ஆனால் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இருக்கின்றன. அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.

1. கட்டிகள் எத்தனை, எவ்வளவு பெரியவை?
2. இரத்தக் குழாய்க்குள் நோய் புகுந்திருக்கிறதா? ஈரலை விட்டு வெளியே போயிருக்கிறதா?
3. மீதி ஈரல் எப்படி வேலை செய்கிறது? மஞ்சள் நிறம், வயிற்றில் நீர், குழப்பமான பேச்சு ஆகியவை எதைக் காட்டுகின்றன? (கட்டியைப் போலவே மீதி ஈரலின் நிலையும் ஆயுளைத் தீர்மானிக்கிறது.)
4. ஒபரேஷன், ஈரல் மாற்று, கட்டியைச் சுட்டு அழித்தல், நாடியை அடைத்தல், மருந்து ஆகியவற்றில் இவருக்கு எது பொருந்தும்?
5. சிகிச்சையின் நோக்கம் நோயைக் குணப்படுத்துவதா, நாளைக் கூட்டுவதா, வேதனையைக் குறைப்பதா?

இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்தால் குடும்பம் எதற்குத் தயாராக வேண்டும் என்பது விளங்கிவிடும். கடன், அமானிதம், வஸிய்யத் ஆகியவற்றை நோயாளி தெளிவாக இருக்கும்போதே அவரோடு பேசிக்கொள்வது நல்லது. அது நம்பிக்கையிழப்பு அல்ல. அஜலை அல்லாஹ் ஒருவனே அறிவான், ரிப்போர்ட் அறியாது. ஓதிப் பார்ப்பதும் துஆக் கேட்பதும் நம் கடமை. அதற்காகக் கிளினிக்கை விட்டுவிடுவதும், என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத கஷாயங்களைக் கொடுத்துப் பலவீனமான ஈரலுக்கு இன்னும் சுமை ஏற்றுவதும் தவக்குல் ஆகாது.

நம் வீட்டிலிருந்து தொடங்குவோம்

இந்தப் புற்றுநோய் சிறிதாக இருக்கும்போது பெரும்பாலும் வலி இருக்காது. ஆகவே சிரோசிஸ் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறார்கள். சீனி வருத்தமும் பருமனும் உள்ளவர்கள் தமது ஈரலின் நிலையை ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. ஈரலில் கொழுப்புள்ளவர் உடல் எடையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைத்தால் ஈரலின் புண் ஆறத் தொடங்கும். 80 கிலோ உள்ளவர் 6 முதல் 8 கிலோ. அடுப்படி நம் சகோதரிகளின் கையில் இருப்பதால் இதன் முதல் அடியும் அங்கேதான் தொடங்கும்.

அந்தச் சகோதரியைச் சென்ற வாரம் மீண்டும் கண்டேன். கணவர் சிகிச்சையில் இருக்கிறார். ஜும்ஆவுக்கு மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறார். நோயைப் பற்றி இப்போது சொந்தக்காரர்களிடம் மறைப்பதில்லை என்று அவர் சொன்னார். அதைவிட முக்கியமான ஒன்றையும் சொன்னார். பத்து வருடமாகச் சீனி வருத்தம் உள்ள அவர், கணவரைக் கூட்டிச் செல்லும் நாளொன்றில் தன் வயிற்றையும் ஸ்கேன் பார்த்திருக்கிறார். ஈரலில் கொழுப்பு இருந்திருக்கிறது. நல்லவேளை, தழும்பு இல்லை.

“இப்ப பிளேன்டீக்குச் சீனி போடுறதில்ல மௌலவி. சுபஹுக்குப் பிறகு கானோரமா மகனோட நடக்கிறேன்,” என்றார்.

நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிக்கும் சகோதரிகளுக்கு ஸப்ரையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.